ஆசீர் வளர்த்த பள்ளிக்கூடம்

சிங்கப்பூரில் என் வேலை மரங்களைத் தட்டிப் பார்ப்பது. மரச்சுத்தியலால் அடிமரத்தைத் தட்டிச் சத்தம் கேட்பேன். சந்தேகம் வந்தால் குடைக்கம்பியைவிட மெல்லிய ஊசி ஒன்றைக் கருவியின் உதவியால் உள்ளே செலுத்தி, எங்கே கெட்டி, எங்கே பொக்கு என்று பார்ப்பேன். பிறகு இது நிற்கலாம், இதை வெட்ட வேண்டும் என்று எழுதிக் கொடுப்பேன். படித்தது என்னவோ கட்டடக்கலை. தஞ்சாவூரில் இருக்கும் என் உறவினர்களிடம் இந்த வேலையைச் சொன்னால் சிரிக்காதவர்கள் கிடையாது.

ஆசீர் என்னோடு சென்னையில் படித்தவன். பாளையங்கோட்டைக்காரன். நாங்கள் எல்லோரும் கண்ணாடிக் கட்டடங்களாக வரைந்து தள்ளிய காலத்தில், ஆலமரம் தன் கிளையைத் தானே எப்படித் தாங்குகிறது என்று வரைந்துகொண்டிருந்தான். கடைசி வருடத் திட்டமாக, செங்கல்லும் சிமெண்டும் இல்லாமல் மரங்களை வளைத்து வளர்த்தே ஒரு கூடம் அமைக்கலாம் என்று வரைபடம் போட்டுக்கொண்டு போய் நின்றான். ஆசிரியர்கள் சிரித்துவிட்டு, தேர்ச்சிக்கு வேண்டிய மதிப்பெண்ணை மட்டும் கொடுத்தார்கள். சில வருடம் அடுக்குமாடி கட்டும் வேலையில் இருந்துவிட்டு, களக்காட்டுக்கு மேற்கே மலையடிவாரத்தில் அம்மா வழியில் வந்த நிலத்துக்குப் போய்ச் சேர்ந்தான். போனதும் கன்றுகளை நட்டான்.

ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் புகைப்படம் வரும். முதலில் இரண்டு வரிசைக் குச்சிகள். பிறகு குச்சிகள் சாய்ந்தன. பிறகு தலைக்குமேல் ஒன்றையொன்று தொட்டன. "ஒரு தடவ வந்து பாத்துட்டுப் போ, வாசுகி" என்று எழுதுவான். நான் போகவே இல்லை.

இந்த முறை அழைத்தது வேறு காரணத்துக்காக. டிசம்பர் வெள்ளத்தில் அவர்கள் ஊர்த் தொடக்கப்பள்ளியின் சுவர் விழுந்துவிட்டது. அதிலிருந்து பிள்ளைகள் ஆசீரின் மரக்கூடத்தில்தான் உட்கார்ந்து படிக்கிறார்கள். அந்தப் பள்ளியின் தலைமை ஆசிரியை ஆசீரின் மனைவி ஜெசி. இப்போது, கூடம் பாதுகாப்பானது என்று தகுதியுள்ள ஒருவர் எழுதித் தந்தால்தான் அங்கே வகுப்பு நடத்தலாம் என்று மேலிடத்திலிருந்து உத்தரவு வந்துவிட்டது. பக்கத்து ஊர்ப் பொறியாளர்கள் செங்கல் சுவருக்குக் கையெழுத்துப் போடுவோம், மரத்துக்கு எப்படிப் போடுவது என்று கைவிரித்துவிட்டார்களாம்.

"கட்டடமும் தெரிஞ்சு மரமும் தெரிஞ்ச ஆளு எனக்குத் தெரிஞ்சு நீ ஒருத்திதான்" என்றான்.

என் வாழ்க்கையில் இதைவிட மகிழ்ச்சியான வேலை எனக்கு வந்ததில்லை என்று நினைத்துக்கொண்டுதான் கருவியைப் பையில் எடுத்து வைத்தேன்.

திருநெல்வேலியில் இறங்கிய காலை, காற்று புழுதியை வாரி முகத்தில் அடித்தது. ஆனி மாதம். மேற்கே மலைமேல் கருமேகம் நிற்கிறது, ஊருக்குள் ஒரு சொட்டு இல்லை. சிங்கப்பூரில் குடை இல்லாமல் வெளியே போக மாட்டேன். இங்கே குடையை விரித்தால் அது என்னையும் சேர்த்துத் தூக்கிக்கொண்டு போய்விடும் போலிருந்தது. பேருந்து நிலையத்துக்கு வெளியே இட்லியும் மிளகாய்ப்பொடியும் சாப்பிட்டேன். பரிமாறியவர் கேட்காமலே பொடியின்மேல் நல்லெண்ணெயை ஊற்றிக்கொண்டே இருந்தார். போதும் என்று கையால் மறைத்தபோது, எண்ணெய் இல்லாமல் தின்றால் வயிறு எரியும் என்று கண்டித்துவிட்டு இன்னும் கொஞ்சம் ஊற்றினார்.

நாங்குநேரியில் பேருந்து நின்றது. டீ குடிக்க நேரம் இருக்கிறது என்று நடத்துநர் சொன்னதாக என் காதில் விழுந்தது. அவர் சொன்னது வேறு யாருக்கோ, வேறு எதையோ. பாதி டீயில் திரும்பினால் பேருந்து போய்க்கொண்டிருந்தது. உள்ளே என் கருவிப் பை. டீக்கடையில் நின்ற ஒருவர், வளைகுடாவிலிருந்து விடுப்பில் வந்தவர் என்று பிறகு தெரிந்தது, தன் மோட்டார் சைக்கிளை உதைத்தார். நான் பின்னால் ஏறிக்கொண்டேன். வாழைத் தோட்டங்களுக்கு நடுவே அந்தச் சாலையில் எதிர்க்காற்றில் போனதை நினைத்தால் இன்றைக்கும் கண் எரிகிறது. பேருந்தை மறித்து நிறுத்தியபோது நடத்துநர்தான் என்மேல் கோபப்பட்டார். பையை மடியில் வைத்துக் கட்டிப் பிடித்துக்கொண்டேன். ஊசி உடைந்திருந்தால் என்ன செய்வது என்பதே என் கவலை. உடைந்திருக்கலாமே என்று இரண்டு நாள் கழித்து நினைத்தேன்.

களக்காட்டில் ஆசீர் ஸ்கூட்டரோடு நின்றான். தலை முழுக்க நரைத்திருந்தது. என் பையை வாங்கிக் காலடியில் வைத்துக்கொண்டு, வழியெல்லாம் மரத்தைப் பற்றியே பேசினான். வீட்டுக்குக்கூடப் போகவில்லை. நேரே கூடத்துக்குத்தான்.

"பைய, மெதுவா எறங்கு, பள்ளம் இருக்கு" என்றான்.

கிழக்கு மேற்காக நீளும் இரண்டு வரிசை ஆலமரங்கள். ஒவ்வொன்றும் உள்பக்கமாகச் சாய்ந்து, ஆள் உயரத்துக்கு இரண்டு மடங்கு மேலே எதிர் மரத்தோடு சேர்ந்து, ஒரு வளைவாகி, அங்கிருந்து மறுபடி மேலே கிளைத்திருந்தது. வளைவுகளுக்கு நடுவே பனையோலை வேய்ந்திருந்தான். மேலிருந்து இறங்கிய விழுதுகளைப் பிளந்த மூங்கிலுக்குள் விட்டுத் தரைவரை கொண்டுவந்து, அவை பருத்ததும் மூங்கிலை எடுத்திருந்தான். அவை இப்போது தூண்கள். மெல்லிய விழுதுகளைப் பக்கவாட்டில் பின்னி விட்டிருந்தான். அவை ஒன்றோடொன்று ஒட்டிச் சன்னலாகியிருந்தன. அந்தச் சன்னல் வழியாக வெயில் சின்னச் சின்னத் துண்டாக உள்ளே விழுந்தது. வெளியே புழுதிக்காற்று. உள்ளே பிள்ளைகள் பாயில் உட்கார்ந்து வாய்ப்பாடு சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

எங்கள் அலுவலகத்தில் மரம் போல விரியும் தூண் வரைகிறார்கள். கறையான் புற்று போலக் காற்று வாங்கும் சுவர் வரைகிறார்கள். சிங்கப்பூரில் இரும்பிலேயே மரம் செய்து நட்டு, அதன்மேல் கொடியை ஏற்றியிருக்கிறார்கள். உலகமே வந்து பார்க்கிறது. அதையெல்லாம் ஆசீரிடம் சொன்னேன்.

"நீங்க மரத்தப் பாத்து வரையுதீய" என்றான். "நான் மரத்தையே வரையச் சொல்லுதேன். அவ்வளவுதான் வித்தியாசம்."

பெருமையாகச் சொல்லவில்லை. பிள்ளைகளின் சத்தத்துக்கு மேலே கேட்க வேண்டுமே என்று கொஞ்சம் உரக்கச் சொன்னான்.

மறுநாள் வகுப்பு இல்லாத மூலையிலிருந்து ஆரம்பித்தேன். கிழக்குப் பக்கம் தட்டினால் கெட்டியான சத்தம். ஊசி போன இடமெல்லாம் ஒரே சீரான எதிர்ப்பு. ஆசீர் பக்கத்தில் நின்று ஒவ்வொரு மரமாகக் கதை சொன்னான். இதை ஆடு கடித்தது, இது ஒரு கோடையில் காய்ந்தே போய்விட்டது என்று விட்டுவிட்ட பிறகு துளிர்த்தது. நடுவே ஜெசி ஆள் அனுப்பினாள். சாப்பாட்டுக்குச் சொதி வைத்திருந்தாள். தேங்காய்ப்பாலில் வெந்த காய்கள், தொட்டுக்கொள்ள இஞ்சிப் பச்சடி. திருநெல்வேலியில் மாப்பிள்ளை வீட்டாருக்கு வைக்கிற விருந்து அது என்று சிரித்தாள். வாரக் கடைசியில் எழுதிக் கொடுத்துவிட்டால் திங்களன்று தானே நேரில் கொண்டுபோய்க் கொடுத்துவிடுவேன் என்றாள். கூடத்தில் படிக்க வந்த பிறகுதான் பிள்ளைகள் ஒழுங்காக வருகிறார்களாம். ஆங்கிலப் பள்ளி வண்டியில் போய்க்கொண்டிருந்த இரண்டு மூன்று பேர்கூடத் திரும்பி வந்துவிட்டார்களாம். பிள்ளைகள் குறைந்தால் பள்ளியையே பக்கத்து ஊரோடு சேர்த்துவிடுவார்கள். அந்தப் பயம் இந்த வருடம் இல்லை என்றாள்.

சாப்பிட்டுவிட்டு மேற்குப் பக்கம் போனேன்.

முதல் மரத்தின் அடியில் வண்டல் மேடு கட்டியிருந்தது. வெள்ளம் கொண்டுவந்து போட்டது. கையால் பறித்துப் பார்த்தேன். மண்ணுக்குள் இருந்த பட்டை விரலோடு வந்தது. தட்டினால் பானையைத் தட்டுகிற சத்தம். ஏணி போட்டு ஏறி, மேலே இரண்டு மரங்களும் சேர்கிற கூட்டில் ஊசியை விட்டேன். கொஞ்ச தூரம் கெட்டியாகப் போனது. பிறகு சட்டென்று வெற்றிடத்தில் விழுந்தது போல ஓடியது. பிறகு மறுபடி கெட்டி. இன்னொரு கோணத்தில் விட்டேன். அதேதான். அடுத்த வளைவிலும் அதேதான்.

என்ன என்று எனக்குப் புரிந்துவிட்டது. இரண்டு கிளைகளைச் சேர்த்துக் கட்டினால், நடுவிலுள்ள பட்டை அழுந்தி மறைந்து, மரமும் மரமும் ஒன்றாக வேண்டும். சில நேரம் அப்படி ஆகாது. பட்டை உள்ளேயே மாட்டிக்கொள்ளும். வெளியே சுற்றிலும் புதுப்பட்டை வளர்ந்து மூடிவிடும். பார்த்தால் ஒரே மரம். உள்ளே இரண்டும் தனித்தனி.

கட்டுவதற்கு முன்னால் பட்டையைச் சீவினாயா என்று ஆசீரைக் கேட்டேன். எல்லாவற்றுக்கும் சீவியதாகச் சொன்னான். "மேக்க மட்டும் மொத ரெண்டு மூணு வருசம் ரொம்பப் பாடுபடுத்திட்டு. ஆடிக் காத்துல ஆடிக்கிட்டே கெடக்கும். கட்டக் கட்ட அவுந்துரும். அப்புறம் நல்லாப் புடிச்சிக்கிட்டு."

அந்த வருடங்களில் ஒவ்வொரு முறை ஆடும்போதும் சீவின காயத்தின்மேல் பட்டை திரும்ப வளர்ந்திருக்கும். அதன் பிறகு வெளிப்பட்டை மூடியதுதான் பிடித்துக்கொண்டது போலத் தெரிந்திருக்கிறது.  கருவியைத் துடைத்துப் பைக்குள் வைத்தேன். 

அன்று சாயந்தரம் சாலையோரம் மைதீன் பாய் கடைக்குப் போனேன். வெகுகாலம் துபாயில் சமையல் வேலை பார்த்துத் திரும்பியவர். புரோட்டாவைத் தட்டில் போட்டுச் சால்னாவை ஊற்றிவிட்டு எதிரே வந்து உட்கார்ந்தார். சிங்கப்பூரில் புரோட்டா எப்படி என்று விசாரித்தார். அங்கே சீனியைத் தொட்டுச் சாப்பிடுகிறவர்கள்கூட உண்டு என்றேன். மனம் நொந்து போய்த் தோளில் கிடந்த துண்டால் மேசையைத் துடைத்தார். பிறகு குரலைத் தாழ்த்திக் கேட்டார்.

"எம் பேத்தியும் அங்கனதான் உக்காந்து படிக்கா. நான் படிக்காதவன், எனக்கு ஊசியும் தெரியாது ஒண்ணும் தெரியாது. ஒங்க பிள்ளைன்னா அதுக்குள்ள உக்கார வைப்பீயளா?"

என் மகன் வளர்ந்து வேலைக்குப் போகிறான். அவனைச் சின்னப் பையனாக நினைத்துப் பார்த்தேன். மேற்கு வளைவுக்குக் கீழே பாயில் உட்கார வைத்துப் பார்த்தேன்.

"மாட்டேன்" என்றேன்.

அவர் தலையை மட்டும் ஆட்டினார். "அப்ப ஆசீர் தம்பிட்ட நீங்களே சொல்லிருங்க. வேற ஆளு சொன்னா அது தாங்காது."

விடிந்ததும் சொன்னேன். ஆசீர் கூடத்து வாசலில் பெருக்கிக்கொண்டிருந்தான். பிள்ளைகள் வருவதற்கு முன்னால் தினமும் அவன்தான் பெருக்குவானாம். மேற்கு ஓரத்து வளைவுகள் எதுவுமே மேலே ஒட்டவில்லை, அடியில் வேரும் அழுகத் தொடங்கிவிட்டது, இந்த ஆடியிலோ அடுத்ததிலோ விழும் என்றேன். அதைவிட மென்மையாகச் சொல்ல வழி இருந்திருக்கலாம். எனக்குத் தெரியவில்லை.

"கெழக்க?" என்று கேட்டான்.

"ஊசி விட்ட இடத்தில எல்லாம் நல்லா இருக்கு. ஆனா இருக்கிற நாள்ல எல்லாக் கூட்டிலயும் விட்டுப் பார்க்க முடியாது. பார்க்காததுக்கு நான் பொறுப்பேத்துக்க முடியாது."

"அப்ப எழுதித் தர மாட்ட."

"முடியாது, ஆசீர்."

துடைப்பத்தைச் சுவரில் சாய்க்கிற மாதிரி ஒரு விழுதின்மேல் சாய்த்து வைத்தான். கருவி தப்பாகக் காட்டாதா என்று கேட்டான். காட்டலாம், ஆனால் இத்தனை இடத்தில் ஒரே மாதிரி தப்பாகக் காட்டாது என்றேன். உங்கள் ஊர் மரத்துக்குச் செய்த கருவிதானே என்றான். ஆலமரம் அங்கேயும் ஆலமரம்தான் என்றேன். 

"ஒண்ண அறுத்துப் பாத்துருவோம்" என்றான். "நான் கண்ணால பாக்கணும்."

பிள்ளைகளை அன்று உள்ளே விட வேண்டாம் என்று ஜெசியிடம் சொல்லிவிட்டு, மேற்குக் கோடி வளைவின் கூட்டுக்குக் கீழே சவுக்குக் கம்பை முட்டுக் கொடுத்தோம். அவனே ஏணியில் ஏறிக் கைரம்பத்தால் அறுத்தான். நான் கம்பைப் பிடித்துக்கொண்டு நின்றேன். மரத்தூள் என் தலையில் கொட்டியது. பாதிக்குமேல் அறுப்பதற்குள் மீதி தானாகப் பிளந்து கொடுத்துவிட்டது. கீழே கொண்டுவந்து போட்டுப் பார்த்தோம். நடுவே கறுப்பாக ஒரு கோடு, மேலிருந்து கீழ்வரை. இரண்டு பக்கமும் பட்டை, பழுத்துப்போய். அதற்குள் எறும்புகள் முட்டையோடு குடியிருந்தன.

ஆசீர் உட்கார்ந்து அந்தக் கோட்டில் விரலை வைத்து நகர்த்திக்கொண்டே போனான்.

"ஒட்டவே இல்ல" என்றான். "இத்தன வருசமும் சும்மா ஒண்ணு மேல ஒண்ணு சாஞ்சிக்கிட்டு நின்னுருக்கு."

அன்று மத்தியானமே பள்ளி இடம் மாறியது. வாழைத்தார் அடுக்கி வைக்கிற தகரக் கொட்டகை ஒன்றை ஊரில் ஒருவர் கொடுத்தார். கரும்பலகையை ஜெசியும் இன்னொரு ஆசிரியையும் இரண்டு முனையில் பிடித்துத் தூக்கிக்கொண்டு சாலையில் நடந்தார்கள். பின்னால் பிள்ளைகள் பாய்ச்சுருளோடு. கொட்டகைக்குள் நான் சிறிது நேரம்தான் நின்றேன். தகரச்சூடும் பழுத்த வாழையின் புளித்த வாடையும் தலையைச் சுற்றின. பிள்ளைகள் முதலில் சிரித்தார்கள். பிறகு பாவாடையால் முகத்தை விசிறிக்கொண்டார்கள். மைதீன் பாயின் பேத்திக்கு மூக்கில் ரத்தம் வந்துவிட்டது. அவர் வந்து தூக்கிக்கொண்டு போனார். 

சனிக்கிழமை காலை ஜெசி உளுந்தஞ்சோறு வைத்து, எள்ளுத் துவையலைத் தட்டின் ஓரத்தில் உருட்டி வைத்துவிட்டு, "இன்னைக்கு எங்கயாவது போயிட்டு வாங்கக்கா" என்றாள். "அவுக யார்கிட்டயும் பேசல. நீங்க எதுத்தாப்புல இருந்தா இன்னும் கஷ்டம்." கோபமாகச் சொல்லவில்லை. அதனால் போக வேண்டியதாயிற்று.

திருநெல்வேலி போய், தாமிரபரணிக் கரையோடு கிழக்கே போகிற பேருந்தில் ஏறினேன். திருச்செந்தூருக்குப் போகிறவர்கள் பச்சை வேட்டியோடு நெருக்கியடித்து நின்றார்கள். ஒரு பக்கம் நெல், மறுபக்கம் வாழை. இடையிடையே வெள்ளம் அரித்துப்போட்ட கரையில் மணல் மூட்டைகள் இன்னும் கிடந்தன. பக்கத்தில் உட்கார்ந்திருந்த அம்மாள், எங்கே போகிறாய் என்றாள். கொற்கை என்றேன். அங்கே என்ன இருக்கிறது என்றாள். பாண்டியர்களின் துறைமுகம் என்றேன். கடல்தான் அங்கே இல்லையே என்றாள்.

உண்மைதான். வயலும் தெருவும் ஆடுகளும்தான் இருந்தன. நான் பார்க்கப் போனது வன்னி மரத்தை. மிக மிகப் பழையது என்று ஊரே சொல்லும் மரம். அடிமரம் தரையோடு தரையாகச் சரிந்து, உள்ளே குடைந்து, ஒரு பக்கம் வெறும் ஓடு. ஆனாலும் மேலே பச்சை இலை. நல்லவேளையாகச் சுத்தியலைக் கொண்டு போகவில்லை. தட்டியிருந்தால் என்ன சத்தம் வரும் என்று தட்டாமலே தெரிந்தது. சிங்கப்பூரில் இப்படி ஒன்றைப் பார்த்தால் அன்றைக்கே வெட்ட எழுதிக் கொடுத்திருப்பேன். பொக்கான மரங்கள் நூறு வருடம் நிற்பதும் உண்டு, கெட்டியானவை ஒரு காற்றில் சாய்வதும் உண்டு. அது எனக்குப் புதிய செய்தி அல்ல. ஆனால் அன்று அதன் எதிரே உட்கார்ந்திருந்தபோது, ஆசீரின் வளைவுகளும் இன்னும் இருபது வருடம் நின்றுவிட்டால் என்ன செய்வது என்ற எண்ணம் வந்தது. விழுந்தால்தான் நான் சொன்னது சரி. விழ வேண்டும் என்று நான் நினைக்கிறேனா என்று என்னையே கேட்டுக்கொண்டேன். வாங்கி வைத்திருந்த பதநீர் அப்படியே இருந்தது. பனையோலைப் பட்டையோடு அதை ஓரமாக வைத்துவிட்டு எழுந்தேன்.

திரும்பும் பேருந்தில், மேற்குப் பாதியை மட்டும் எடுத்துவிட்டுக் கிழக்கை வைத்துக்கொள்ளலாம், வருடத்துக்கு ஒருமுறை நான் வந்து ஒவ்வொரு கூடாகப் பார்க்கிறேன், பாதிக் கூடமாவது மிஞ்சும் என்று சொல்வதற்கு வார்த்தைகளை அடுக்கிக்கொண்டே வந்தேன். ஸ்ரீவைகுண்டத்துக்குப் பக்கத்தில் டயர் வெடித்து வெகுநேரம் சாலையோரத்தில் நின்றோம். மாற்று டயரிலும் காற்று இல்லை.

மலைக்குப் பின்னால் வெயில் இறங்குகிற நேரத்தில் ஊருக்குள் நுழைந்தபோதே மின்ரம்பத்தின் சத்தம் கேட்டது.

மேற்குப் பாதி முழுவதும் தரையில் கிடந்தது. கிழக்கில் ஒரு வளைவுதான் பாக்கி. கூலிக்கு வந்திருந்த ஆட்கள் அதற்குக் கயிறு கட்டிக்கொண்டிருந்தார்கள். "ஏலே, அந்தப் பக்கம் இழுத்துப் புடி" என்று ஒருவன் கத்தினான். நான் ஓடிப்போய் ஆசீரின் கையைப் பிடித்தேன். பேருந்தில் அடுக்கிய வார்த்தைகள் ஒன்றும் வரிசையாக வரவில்லை. கிழக்கு நன்றாக இருக்கிறது என்று நான் சொன்னேனே என்று மட்டும் வந்தது.

"சொன்ன" என்றான். "பாதி நின்னா பிள்ளைய வந்து உக்காரும். எது ஒட்டிருக்கு எது ஒட்டலன்னு எனக்கு வெளிய இருந்து தெரியல, வாசுகி. இத்தன வருசம் பக்கத்துலயே இருந்து தெரியல. தெரியாதவன் வளக்கப்படாது."

அந்தக் கடைசி வளைவும் இறங்கியது. தரையில் மோதியபோது காலடி மண் அதிர்ந்தது. அதுவரை வீட்டு வாசலில் நின்ற ஜெசி உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

ஆட்கள் வளைவுகளைத் துண்டு போட ஆரம்பித்தார்கள். ஏற்றிச் செல்ல வசதியாகக் கூடுகளின் குறுக்கேதான் அறுத்தார்கள். முதல் துண்டைப் புரட்டிப் போட்டதும் நான் குனிந்து பார்த்தேன். கோடே இல்லை. இரண்டு மரத்தின் வரியும் ஒன்றுக்குள் ஒன்று போய்க் கலந்திருந்தது. அறுத்த முகம் முழுக்க ஒரே சீராகப் பால் கசிந்துகொண்டிருந்தது. ஆசீரும் பார்த்தான். அடுத்த துண்டுக்குப் போனான். அடுத்ததற்கு. ரம்பம் பிடித்தவனை நிறுத்தச் சொல்லிவிட்டு, அறுத்துக் கிடந்த ஒவ்வொன்றையும் தானே புரட்டினான். சட்டையெல்லாம் பால் பட்டுப் பிசுபிசுத்தது.

"கெழக்க இருந்தது எல்லாமே ஒட்டிருக்கு" என்றான் கடைசியில்.

நான் ஆமாம் என்றேன்.  விறகுக்குக்கூட இந்த மரத்தை யாரும் வாங்க மாட்டார்கள், புகையும் என்று கூலியாட்கள் தங்களுக்குள் பேசிக்கொண்டார்கள். அவன் காதில் விழுந்தது.

ஞாயிற்றுக்கிழமை நான் கிளம்ப வேண்டிய நாள். ஆசீர் ஆலயத்துக்குப் போகவில்லை. ஜெசியும் போகவில்லை. அவள் தோசை ஊற்றிக் கொடுத்துக்கொண்டே, கொட்டகைச் சூட்டைப் பார்த்துவிட்டுச் சில பெற்றோர் ஆங்கிலப் பள்ளி வண்டிக்குச் சொல்லிவிட்டார்கள் என்றாள். இன்னும் யார் யார் போவார்கள் என்று விரல்விட்டு எண்ண ஆரம்பித்து, நடுவிலேயே நிறுத்திவிட்டாள்.

நான் ஆசீரைப் பார்த்துப் பேசினேன். ஆலமரத்தை வெட்டினால் அடியிலிருந்து துளிர்க்கும், கிழக்குப் பக்கத்து மரங்களுக்கு வேர் திடமாக இருக்கிறது, இரண்டு மாதத்தில் குருத்து வரும் என்றேன். இந்த முறை காற்றுக்குத் தடுப்பு வைத்து, ஆடாமல் கட்டி, ஒவ்வொரு கூட்டையும் ஆரம்பத்திலேயே சோதித்துப் பார்க்கலாம், நான் வருடா வருடம் வருகிறேன் என்றேன். எனக்கே என் குரல் நம்பிக்கையாகக் கேட்டது. அவன் தோசையைத் தின்று முடித்துக் கை கழுவினான்.

வெளியே ஒரு சுமை ஆட்டோ வந்து நின்றது. தூத்துக்குடி உப்பு. மூட்டை மூட்டையாக இறக்கினார்கள்.

எதற்கு என்று கேட்டேன்.

"துளுக்கும்னு எனக்கும் தெரியும்" என்றான். "அதுக்குத்தான்."

கடப்பாரையை எடுத்துக்கொண்டு கிழக்குப் பக்கம் போனான். அடிமரத்தின் நடுவில் குழி போட்டான். ஈர மரத்தில் கடப்பாரை சிக்கிச் சிக்கி வந்தது. குழியில் உப்பைக் கொட்டிக் கையால் அழுத்தினான். பிறகு அடுத்தது. நான் பின்னாலேயே போய், உப்பு மண்ணில் இறங்கிவிடும், அப்புறம் இந்த இடத்தில் எதுவும் முளைக்காது, பக்கத்து வாழைக்கும் கெடுதல் என்று சொன்னேன். வேலைக்காகச் சொல்கிற குரலில் சொன்னேன்.

"வாழ தூரமாத்தான் இருக்கு" என்றான். "இங்கன ஒண்ணும் வரவேண்டாம்."

நான் நின்றேன். சாலையில் என் பேருந்து வருகிற நேரம். அவனுக்கு மூச்சு வாங்கியது. இரண்டு மரத்துக்கு ஒருமுறை உட்கார்ந்து எழுந்தான். உள்ளங்கையில் எங்கோ தோல் கிழிந்து உப்புப் பட்டு எரிந்திருக்க வேண்டும். கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டே இருந்தான். உப்பு கரைந்து உள்ளே இறங்கத் தண்ணீர் வேண்டும். அதற்காகக் கொண்டுவந்த வாளி ஓரமாகக் கிடந்தது.

அவன் என்னைக் கேட்கவில்லை. நான் வாளியை எடுத்துக்கொண்டு வாய்க்காலுக்கு இறங்கினேன். மொண்டு வந்து முதல் குழியில் ஊற்றினேன். பிறகு அடுத்ததில்.